பினாங்கில் மெஷின் கேட்ட ஒரு கேள்வி

தைப்பூசம் முடிந்து ஒரு மாதம் இருக்கும். கானாடுகாத்தானில் எங்கள் தெருவிலேயே இருக்கும் ஆச்சி ஒருவர் கையில் நான்கைந்து தாள்களோடு வந்தார். வழக்கமாக வருபவர்தான். ஆனால் அன்றைக்கு முகம் சரியாக இல்லை.

"தம்பி, இதக் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க. நான் எங்க ஏமாந்தேன்னு தெரியணும்."

ஆச்சிக்கு வயது அறுபத்தாறு. அவருடைய ஐயா பினாங்கில் கடை வைத்திருந்தவர். அந்தப் பெரியவர் உட்கார்ந்து கணக்கெழுதிய பினாங்கு வீதியையும், வெள்ளி ரதம் புறப்படும் கோவில் வீட்டையும் ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும் என்பது அவருடைய நாற்பது வருட ஆசை. இந்த வருடம் தங்கையைக் கூட்டிக்கொண்டு, திருச்சியிலிருந்து கோலாலம்பூர் விமானம் ஏறி, அங்கிருந்து பினாங்கு போய்ப் பூசம் பார்த்துவிட்டு வந்தார். செலவு முழுக்க அவருடைய சொந்தச் சேமிப்பு. பெங்களூரில் இருக்கும் மகன், "பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு அலையாதீர்கள்" என்று தன்னுடைய கிரெடிட் கார்டில் அம்மா பெயருக்கு ஓர் ஆட்-ஆன் கார்டு எடுத்துக் கொடுத்திருந்தார். ஆச்சியின் சொந்த டெபிட் கார்டும் கையில் இருந்தது.

ஆட்-ஆன் கார்டு என்பதால் ஸ்டேட்மெண்ட் மகனுக்குப் போனது. மகன் பார்த்துவிட்டு, "இவ்வளவு வெட்டியாய்ப் போயிருக்கிறதே, அடுத்த தடவை கார்டே வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். அந்த வார்த்தைதான் ஆச்சியை உறுத்திக்கொண்டிருந்தது. காசு போனதைவிட, "உங்களுக்கு இது சரிப்படாது" என்று ஆகிவிட்டதே என்ற வருத்தம்.

தாள்களை விரித்து இருவரும் கணக்குப் போட்டோம். உங்களுக்கும் உதவும் என்பதால் அதையே இந்த வாரம் எழுதுகிறேன். புரிய எளிதாக, ஒரு ரிங்கிட் சரியாக 20 ரூபாய் என்று வைத்து எண்களை முழுமையாக்கியிருக்கிறேன்.

முதல் வரி: ஹோட்டல்

ஜார்ஜ் டவுனில் தங்கிய ஹோட்டலுக்கு 1,800 ரிங்கிட். கிரெடிட் கார்டில் கட்டியிருக்கிறார். நம் கணக்குப்படி 36,000 ரூபாய். ஸ்டேட்மெண்டில் கூடுதலாக 1,487 ரூபாய் இருந்தது.

இதற்கு 'ஃபாரெக்ஸ் மார்க்-அப்' என்று பெயர். இந்திய கார்டை வெளிநாட்டு நாணயத்தில் தேய்த்தால், விசா அல்லது மாஸ்டர்கார்டு போன்ற நெட்வொர்க் அன்றைய மாற்று விகிதத்தில் அதை ரூபாயாக்கித் தரும். அதன் மேல் நம் வங்கி தன் பங்காக ஒரு சதவீதம் சேர்க்கும். நிறைய கார்டுகளில் இது 2 முதல் 3.5 சதவீதம் வரை. அந்தக் கட்டணத்துக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி. ஆகவே 3.5 சதவீதம் என்று சொன்னால், உண்மையில் நம் கையை விட்டுப் போவது 4.13 சதவீதம். லட்ச ரூபாய் செலவழித்தால் 4,130 ரூபாய். 2 சதவீத கார்டாக இருந்தால் 2,360 ரூபாய்.

இதில் ஆச்சி எதையும் தப்பாகச் செய்யவில்லை. கார்டின் குணமே அது. உள்ளூரில் பெட்ரோலுக்கும் மளிகைக்கும் நல்ல தள்ளுபடி தரும் கார்டு, வெளியூரில் நமக்கு நல்லதாக இருக்க வேண்டும் என்பதில்லை.

இரண்டாம் வரி: கடையில் கேட்ட கேள்வி

லிட்டில் இந்தியாவில் ஒரு கடையில் வெள்ளிச் சாமான் வாங்கியிருக்கிறார். 1,500 ரிங்கிட், அதாவது 30,000 ரூபாய். ஆனால் பில்லில் ரிங்கிட்டே இல்லை, நேராக 31,800 ரூபாய் என்று இருந்தது.

"கார்டைச் சொருகினதும் மெஷின்ல ரெண்டு கட்டம் வந்துச்சு. ஒண்ணுல ரிங்கிட்டு, ஒண்ணுல ரூபா. கடைக்காரப் பையன் ரூபாயில போடவான்னு கேட்டான். நம்ம ஊருக் காசுலயே கேக்குறானேன்னு சந்தோசமா சரின்னேன் தம்பி."

அந்தச் 'சரி'யின் விலை 1,800 ரூபாய்.

இதற்கு 'டைனமிக் கரன்சி கன்வெர்ஷன்' என்று பெயர். நம் வங்கி செய்ய வேண்டிய நாணய மாற்றத்தை, கடையின் மெஷினை நடத்தும் நிறுவனமே அங்கேயே செய்துவிடுகிறது. விகிதத்தை அவர்கள் வைத்ததுதான். ஆச்சிக்கு 20 ரூபாய் ரிங்கிட்டை 21 ரூபாய் 20 காசு என்று போட்டிருந்தார்கள். அதில் வரும் லாபத்தில் கடைக்கும் ஒரு பங்கு உண்டு.

சரி, ரூபாயில்தானே கட்டினோம், நம் வங்கியாவது விட்டிருக்குமா என்றால் அதுவும் இல்லை. வெளிநாட்டில் ரூபாயிலேயே கணக்குப் போட்டாலும் அதற்குத் தனியாக ஒரு கட்டணம் வைத்திருக்கும் வங்கிகள் உண்டு. ஆச்சியின் கார்டில் அது 1 சதவீதம். ஜிஎஸ்டியோடு 375 ரூபாய். ஆக ஒரு பொருளுக்கு 2,175 ரூபாய் கூடுதல்.

இந்த இடத்தில் நான் ஆச்சியிடம் ஒன்றைச் சொன்னேன். இது ஏமாந்ததில் சேராது. கேள்வி அப்படிக் கேட்கப்பட்டது. தெரியாத ஊரில், தெரியாத நாணயத்துக்கு நடுவில், நமக்குப் பழகிய ரூபாயைக் காட்டினால் யாருடைய கையும் அந்தப் பக்கம்தான் போகும். வருடத்துக்கு நான்கு முறை வெளிநாடு போகும் ஆட்களும் இதில் விழுகிறார்கள். தெரிந்துகொள்ள வேண்டியது ஒரே விதி: எந்த நாட்டில் நிற்கிறீர்களோ, அந்த நாட்டு நாணயத்திலேயே கட்டுங்கள். மலேசியாவில் ரிங்கிட், சிங்கப்பூரில் வெள்ளி, துபாயில் திர்ஹாம். பையன் பட்டனை அமுக்கும் முன்பே "ரிங்கிட்" என்று சொல்லிவிடுங்கள். ரூபாயில் பில் வந்துவிட்டால் கையெழுத்துப் போடாமல், அங்கேயே ரத்து செய்து மறுபடி போடச் சொல்லலாம்.

வெளிநாட்டு ஹோட்டல், டிக்கெட் தளங்களில் இங்கே வீட்டில் உட்கார்ந்து முன்பதிவு செய்யும்போதும் இதே வலை உண்டு. விலை ரூபாயில் காட்டினாலும் பணம் வாங்கும் நிறுவனம் வெளிநாட்டில் பதிவானதாக இருந்தால், ஸ்டேட்மெண்டில் பிறகு ஒரு சிறு கட்டணம் தலைகாட்டும்.

மூன்றாம் வரி: ஏடிஎம்

கோயிலில் அர்ச்சனை, தேங்காய், ரதத்தின் முன் காணிக்கை, தெருவோரச் சாப்பாடு. இதற்கெல்லாம் கார்டு செல்லாது. ஆச்சி தன் டெபிட் கார்டில் 250 ரிங்கிட்டாக நான்கு முறை எடுத்திருக்கிறார். மொத்தம் 20,000 ரூபாய். "மொத்தமா எடுத்தா பயமா இருக்கும்ல" என்றார். நியாயம்தான்.

ஆனால் அவருடைய வங்கியில் வெளிநாட்டு ஏடிஎம்முக்கு ஒவ்வொரு தடவையும் 150 ரூபாய், அதற்கு ஜிஎஸ்டி. நான்கு தடவைக்கு 708 ரூபாய். எடுத்த தொகைக்கு மார்க்-அப்பும் ஜிஎஸ்டியும் 826 ரூபாய். கூட்டினால் 1,534. அதாவது நூறு ரூபாய் எடுக்க ஏழரை ரூபாய்க்கு மேல். ஒரே தடவையில் எடுத்திருந்தால் 531 ரூபாய் மிஞ்சியிருக்கும். இது போதாதென்று, அந்த ஊர் ஏடிஎம்மும் தன் பங்குக்குக் கேட்கும் நாடுகள் உண்டு. தாய்லாந்தில் வெளிநாட்டு கார்டுக்கு ஒரு தடவைக்கு 220 பாட்டுக்குக் குறையாமல் பிடிப்பது பல வருட வழக்கம். ஆயிரம் பாட் எடுத்தாலும் அதே 220தான்.

ஏடிஎம் திரையிலும் அந்தக் கேள்வி வரும். 'மாற்று விகிதத்தை ஏற்கிறீர்களா' என்று கேட்டால் வேண்டாம் என்றே அமுக்குங்கள். பணம் வந்துவிடும், மாற்றத்தை நம் வங்கி செய்துகொள்ளும்.

கிரெடிட் கார்டை வைத்து ஏடிஎம்மில் பணம் எடுப்பதை மட்டும் ஆச்சி செய்யவில்லை. நல்ல காலம். அதற்கு எடுத்த தொகையில் இரண்டரை சதவீதம் போலத் தனிக் கட்டணம், எடுத்த நாளிலிருந்தே வட்டி என்று அது வேறு உலகம்.

மொத்தக் கணக்கு: செலவு 86,000 ரூபாய். கட்டணமாகப் போனது 5,196 ரூபாய். நூற்றுக்கு ஆறு.

அந்தக் காலத்தில் விகிதம் ஊருக்கே தெரியும்

இதைச் சொல்லும்போது ஆச்சியின் ஐயாவை நினைத்துக்கொண்டேன். கொண்டு விற்கப் போனவர்கள் கிட்டங்கியில் ஆளுக்கொரு பெட்டியடி போட்டு வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். வட்டி எவ்வளவு என்பது ஒருவர் மற்றவருக்குத் தெரியாமல் வைத்துக்கொண்ட ரகசியம் இல்லை. ரங்கூனில் மாதந்தோறும் கோயிலில் கூடி, நடப்பு வட்டியைப் பேசி முடிவு செய்வார்கள். ஒருவருக்குப் பிடிக்கவில்லை என்றாலும், எவ்வளவு என்பதாவது தெரியும்.

கடல் தாண்டிப் பணத்தை மாற்றுவது இந்த ஊருக்குப் புதிதும் இல்லை. அன்னியச் செலாவணியையும் வெளிநாட்டு வங்கித் தொழிலையும் குறிவைத்தே இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கிய எம்.சிடி.எம்.சிதம்பரம் செட்டியார் கானாடுகாத்தான்காரர்தான். 1937 பிப்ரவரி 10 அன்று காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று ஊர்களிலும் ஒரே நாளில் அந்த வங்கி திறந்தது. அடுத்து வந்த கிளை பினாங்கு. அப்படிப்பட்ட ஊரிலிருந்து போன ஒருவர், பினாங்கு கடையில் ஒரு பட்டனுக்கு முன்னால் தடுமாறினார் என்றால், தொழில் மறந்துபோனதால் அல்ல. விகிதம் இப்போது கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. தேடித்தான் பார்க்க வேண்டும்.

எந்த கார்டு?

வெளிநாட்டுச் செலவுக்கு இன்று மூன்று வழிகள்.

ஒன்று, மார்க்-அப் இல்லாத கிரெடிட் அல்லது டெபிட் கார்டு. 'சீரோ ஃபாரெக்ஸ்' என்று விளம்பரம் வருவது இதுதான். ஃபெடரல் வங்கியோடு சேர்ந்து வரும் ஸ்காபியா, ஐடிஎஃப்சி ஃபர்ஸ்ட் வங்கியின் 'வாவ்' போன்றவை இந்த வகையில் பலர் வைத்திருப்பவை. இதில் இரண்டாவது, வைப்புத் தொகையை ஈடாக வைத்துத் தருவது. சம்பளச் சீட்டோ வருமான வரிக் கணக்கோ இல்லாத இல்லத்தரசிகளுக்கும், பெரியவர்களுக்கும் இந்த வழி கைகொடுக்கும். தன் பெயரில் ஒரு வைப்பு, அதன் மேல் தன் பெயரில் ஒரு கார்டு. ஸ்டேட்மெண்டும் தனக்கே வரும். ஆனால் விதிமுறைகளை வங்கிகள் அடிக்கடி மாற்றுகின்றன. விண்ணப்பிக்கும் அன்று அந்த வங்கியின் கட்டண அட்டவணையைத் திறந்து பாருங்கள். ஆண்டுக் கட்டணம் மிச்சமாகும் தொகையைவிட அதிகமாக இருந்தால், வருடத்துக்கு ஒருமுறை போகிறவருக்கு அந்த கார்டு லாபமில்லை.

இரண்டு, ஃபாரெக்ஸ் கார்டு. இங்கேயே வெளிநாட்டு நாணயத்தை ஏற்றிக்கொண்டு போவது. விகிதம் அன்றே பூட்டப்படும், பிறகு ரூபாய் சரிந்தாலும் கவலையில்லை. படிக்கப் போகும் பிள்ளைகளுக்கு வசதி. ஆனால் இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். முதலாவது, 'மார்க்-அப் இல்லை' என்று சொல்லிவிட்டு, ஏற்றும் விகிதத்திலேயே அதை வைத்திருப்பார்கள். சந்தையில் 20 ரூபாய் நாணயத்தை 20 ரூபாய் 60 காசுக்குக் கொடுத்தால் அது 3 சதவீதம்தான், பெயர் மட்டும் வேறு. இரண்டாவது, எல்லா ஃபாரெக்ஸ் கார்டிலும் எல்லா நாணயமும் இருக்காது. டாலர், யூரோ, பவுண்டு, சிங்கப்பூர் வெள்ளி பொதுவாக இருக்கும். மலேசிய ரிங்கிட், இலங்கை ரூபாய் இருக்கிறதா என்று கேட்டே வாங்குங்கள். டாலரை ஏற்றிக்கொண்டு போய் ரிங்கிட்டில் செலவு செய்தால் ரூபாயிலிருந்து டாலர், டாலரிலிருந்து ரிங்கிட் என்று இரண்டு முறை மாறும். இரண்டாவது மாற்றத்துக்கும் 3.5 சதவீதம் வரை பிடிப்பார்கள். மலேசியா போகிற நம்மூர்க்காரர்கள் அதிகம் இழப்பது இதில்தான்.

மூன்று, கையில் ரொக்கம். ஒரு பயணத்துக்குப் பொதுவாக 3,000 அமெரிக்க டாலர் மதிப்புக்கு வெளிநாட்டு நோட்டு வாங்கலாம். உரிமம் உள்ள மாற்றுக் கடையில் பில்லோடு வாங்குங்கள். ஜிஎஸ்டி மிகச் சிறியது, லட்ச ரூபாய்க்கு மாற்றினால் 180 ரூபாய். குறைந்தது 45 ரூபாய். இரண்டு மூன்று கடையில் விகிதம் கேட்டு, விமான நிலையம் போகும் முன்பே வாங்கிவிடுவது நல்லது. திரும்பி வந்த பின் மீதியை 180 நாளுக்குள் மாற்றிவிட வேண்டும். அடுத்த பயணத்துக்கென்று 2,000 டாலர் மதிப்பு வரை நோட்டாக வைத்துக்கொள்ளலாம்.

இலங்கை, நேபாளம், பூடான், மொரீஷியஸ் போகிறவர்களுக்கு நான்காவதாக ஒரு வழி உண்டு, யுபிஐ. இலங்கையில் 2024 பிப்ரவரி 12 முதல் நம் ஃபோனிலேயே ஸ்கேன் செய்யலாம். ஆப்பில் சர்வதேசப் பயன்பாட்டை முன்கூட்டியே திறக்க வேண்டும். கட்டும் முன் திரையில் ரூபாய்த் தொகை காட்டும். அதைப் பார்த்துவிட்டு ரகசிய எண்ணைப் போடுங்கள்.

வருமான வரிப் பிடித்தம் பற்றிப் பலர் கேட்கிறார்கள். ஃபாரெக்ஸ் கார்டு, டெபிட் கார்டு செலவுகள் ஒரு நிதியாண்டில் 10 லட்ச ரூபாயைத் தாண்டினால்தான் அந்தப் பேச்சு. சாதாரணக் குடும்பப் பயணத்துக்கு அது எட்டாது. பிடித்தாலும் வரிக் கணக்கில் திரும்பப் பெறலாம். கிரெடிட் கார்டை வெளிநாட்டில் தேய்ப்பது இப்போதைக்கு அந்தக் கணக்கில் வருவதில்லை.

கிளம்பும் முன் ஒரு வாரம்

புதிய கார்டில் வெளிநாட்டுப் பயன்பாடு மூடியே வரும். 2020 மார்ச்சிலிருந்து ரிசர்வ் வங்கியின் விதி அது. வங்கி ஆப்பில் கடை, ஏடிஎம், ஆன்லைன் என்று தனித்தனிப் பொத்தான் இருக்கும். கடையையும் ஏடிஎம்மையும் திறங்கள், வரம்பையும் நீங்களே வையுங்கள். ஆன்லைனைத் தேவைப்பட்டால் மட்டும். வெளிநாட்டுத் தளங்கள் பலவற்றில் ஓடிபி கேட்காமலே பணம் போய்விடும்.

ரகசிய எண் நினைவிருக்கிறதா என்று உள்ளூர்க் கடையில் ஒருமுறை போட்டுப் பாருங்கள். தட்டிக் கட்டியே பழகியவர்களுக்கு எண் மறந்திருக்கும்.

இரண்டு கார்டு, இரண்டு வேறு நெட்வொர்க், இரண்டு வேறு பையில். ஒன்று தொலைந்தாலும் ஊர் திரும்பலாம். ரூபே மட்டும் இருந்தால், அது வெளிநாட்டில் செல்லும் வகையா என்று வங்கியில் கேளுங்கள். எல்லா ரூபேயும் செல்லாது.

கார்டு தொலைந்தால், தெரியாத செலவு வந்தால், அந்த நிமிடமே ஆப்பில் மூடிவிட்டு வங்கிக்குச் சொல்லுங்கள். உங்கள் தவறும் வங்கியின் தவறும் இல்லாமல் மூன்றாம் ஆள் செய்த மோசடியாக இருந்தால், வங்கி தகவல் அனுப்பி மூன்று வேலை நாளுக்குள் சொல்லிவிட்டால் இழப்பு உங்களுடையது இல்லை என்பது 2017 முதல் உள்ள விதி. அதற்காகவே வங்கியில் கொடுத்த ஃபோன் எண் வெளிநாட்டில் வேலை செய்ய வேண்டும். ரோமிங்கைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஊர் திரும்பியதும் திறந்த பொத்தான்களை மூடிவிடுங்கள்.

திருத்திய கணக்கு

ஆச்சியின் அதே பயணத்தை மறுபடி எழுதிப் பார்த்தோம். ஹோட்டலும் வெள்ளிச் சாமானும் மார்க்-அப் இல்லாத கார்டில், ரிங்கிட்டிலேயே: கூடுதல் எதுவும் இல்லை. ரொக்கம் 1,000 ரிங்கிட் இங்கேயே மாற்றுக் கடையில் 20 ரூபாய் 50 காசுக்கு: கூடுதல் 500, ஜிஎஸ்டி 45. மொத்தம் 545 ரூபாய். 5,196 எங்கே, 545 எங்கே!

ஆச்சி தாளைத் தன் பக்கம் திருப்பி, கூட்டலை ஒருமுறை தானே போட்டுப் பார்த்தார். வீட்டுச் செலவை வருடக்கணக்காகப் பேரேடு போல் எழுதுபவர். கணக்கு சரியாக வந்ததும், "இந்த 4,651 ரூவாய அவனுக்கு எழுதி அனுப்பணும் தம்பி, எது எதுக்குப் போச்சுன்னு வரிவரியா" என்றார். மகனுக்குத்தான். கோபம் இல்லை. அவனும் அதே கார்டைத்தான் ஆபீஸ் வேலையாகப் போகும்போது தேய்க்கிறான், அவனுக்கும் தெரியட்டும் என்று.

போன வாரம் காரைக்குடி போய்த் தன் பெயரில் ஒரு வைப்பு போட்டு, அதன் மேல் கார்டுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். அடுத்து சிங்கப்பூர், டேங்க் ரோடு முருகன். தங்கையும் வருகிறாராம்.

"கடைப் பையன் ரூபாயில போடவான்னு கேட்டா என்ன சொல்லுவீங்க ஆச்சி?"

"வெள்ளியில போடுப்பா, நான் பாத்துக்கிறேம்பேன்."